பச்சைத் தூண் தாச்சி

வேலைக்குச் சேர்ந்த அன்று அவரிடம் ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு கட்டளை ஆகிய மூன்றையும் கொடுத்தார்கள். தொப்பி தலைக்குப் பெரியதாக இருந்தது. உள்விளிம்பில் செய்தித்தாளை மடித்துச் செருகிச் சரிசெய்துகொண்டார். விசிலில் முன்பு இருந்தவரின் பல் பதிந்திருந்தது. அதை வெந்நீரில் போட்டு எடுத்தார். கட்டளையை மட்டும் எந்தத் திருத்தமும் செய்யாமல் கொடுத்தபடியே வாங்கிக்கொண்டார்.

"முற்றத்துல ஒரு பிள்ளையும் பந்து விளையாடக் கூடாது" என்றார் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். "போன மாசம் என் கார் கண்ணாடி போச்சு. யாரு அடிச்சதுன்னு கேட்டா, அத்தனை பிள்ளைங்களும் சேர்ந்து வானத்தைப் பாக்குதுங்க. பந்தைப் பாத்தா பிடுங்கிடுங்க. ஓடினா துரத்துங்க."

"சரிங்க சார்" என்றார் அவர். அதற்கு முன்னால் அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவர். ஓடும் பட்டையின் கடைசியில் நின்று, வந்து விழுவதை அடுக்குவது வேலை. பட்டைதான் ஓடுமே தவிர அவர் ஓடியது கிடையாது. தொழிற்சாலையை மூடிய பிறகு காவல் வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில் சேர்ந்தார். நெடிய கால்கள், அந்தக் கால்களுக்குச் சற்றும் பொருந்தாத தொந்தி. குடியிருப்புப் பிள்ளைகள் நேரில் அவரை 'மாமா' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'விசில்' என்றார்கள். பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டு, கொஞ்சம் மரியாதை சேர்த்து, 'விசில்காரர்' என்றார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றி விசில்காரருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அவர் வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. அண்ணன்மார்கள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, தம்பியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா அதட்டுவாள். சேர்த்துக்கொள்வார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். அவனை ஒருவரும் துரத்த மாட்டார்கள். அவனே ஓடிப் போய் ஒருவரைப் பிடித்தாலும், "நீ பிடிச்சா செல்லாதுடா" என்று கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் 'செல்லாது' அவர் காதில் வெகுகாலம் இருந்தது.

முதல் துரத்தல் முதல் வாரத்திலேயே நடந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் பந்துச் சத்தம் கேட்டு விசிலை ஊதினார். பிள்ளைகள் நான்கு திசையிலும் சிதறினார்கள். பந்தை வைத்திருந்தவள் ஒரு பெண். முழங்கால் வரை கால், முழங்காலுக்கு மேலும் கால் என்று சொல்லும்படி உயரம். மற்றவர்கள் அவளை வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஜெனரேட்டர் அறையைச் சுற்றினாள். கார்களுக்கு நடுவில் புகுந்தாள். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்களை நோக்கிப் பாய்ந்தாள். விசில்காரர் விடவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்தால் அவள் சட்டைக் காலர் கைக்கு வந்துவிடும் என்ற இடத்தில் செருப்பு வார் அறுந்தது. நின்றுவிட்டார்.

அதே நொடியில் வெட்டுக்கிளி, தூண்களில் பச்சை வண்ணம் அடித்திருந்த ஒன்றைத் தட்டி, "தாச்சி" என்றாள்.

ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில், தொட்டுக்கொண்டு நிற்பவரைப் பிடிக்கக் கூடாது என்று வைத்திருக்கும் இடத்துக்குத் தாச்சி என்று பெயர். விசில்காரருக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவர் நின்றது செருப்புக்காக. பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? கார்களுக்குப் பின்னாலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"டேய், விசிலுக்கு ரூல் தெரியுதுடா" என்றான் ஒருவன், நிஜமான வியப்போடு.

விசில்காரர் அறுந்த செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்றார். "பந்தைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

பந்து வந்தது. ஆனால் அன்றோடு அவர் கை கட்டுண்டது. பச்சைத் தூணைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பிடிக்க அதற்குப் பிறகு அவருக்கு மனம் வரவில்லை. ரூல் தெரிந்தவர் என்ற பெயரை முதன்முதலாக ஒரு கூட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு வரும் மனசு?

பிடுங்கிய பந்துகள் காவல் அறையில் மின்பெட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெற்றோர் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார். போகப் போக பந்து வருவதே நின்றுபோனது. ஆனால் துரத்தல் நிற்கவில்லை. பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, எதையோ மென்றுகொண்டே பிள்ளைகள் இறங்கி வருவார்கள். கேட்டுக்கு எதிரே வரிசையாக, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே மாமா."

"காட்டு பாப்போம்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றோம்ல."

கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பவன் சும்மாவா நிற்பான் என்பது விசில்காரரின் வாதம். ஊதுவார். ஓடுவார்கள். ஓடுவார். இது கடமை என்றே அவர் நம்பினார். ஒரு நாளும் பாவனைக்கு ஓடியதில்லை. வெட்டுக்கிளியை ஒரு தடவையாவது தூணுக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று உள்ளபடியே ஆசைப்பட்டார்.

அவர் மனைவி பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். அவருடைய சீருடையில் தினமும் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"நாற்காலியில உக்காந்திருக்கிற வேலைன்னுதானே சொன்னீங்க. சட்டை என்ன இப்படி இருக்கு?"

"பிள்ளைங்களைத் துரத்தணும்ல. பந்து விளையாடக் கூடாது."

"இப்ப விளையாடுதுங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குங்க ஓடுறீங்க?"

"நான் ஓடலைன்னா நாளைக்கே பந்து வந்துடும்."

"ஆமா ஆமா. உங்களுக்குப் பயந்து பந்து செய்யிறதையே நிறுத்திட்டாங்களாம். கடையில பேசிக்கிட்டாங்க."

அந்தக் காலத்தில்தான் இரண்டாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அப்பா வெளியூரில் வேலை. வாரக் கடைசியில் வருவார். அம்மா வங்கியில் வேலை. ஒரே பெண். அவளை முதலில் பார்த்தபோது ஸ்வெட்டரும் கழுத்துத் துணியும் முழங்கால் வரை காலுறையுமாக, கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. பிள்ளைகள் அவளுக்கு அன்றே 'பொட்டலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அண்ணா, ஒரு உதவி" என்றார் அவள் அம்மா, சாமான் இறங்கும் சந்தடியிலேயே கேட்டுக்கு வந்து. "இவளுக்கு மூச்சு இரைக்கும். சின்ன வயசுல ரொம்பப் பட்டுட்டோம். கீழ வந்தா ஒரு ஓரமா உக்காந்து வேடிக்கை பார்ப்பா. ஓட மட்டும் விடாதீங்க."

கட்டளை என்று வந்துவிட்டால் விசில்காரர் எப்படி என்பதை முன்பே சொல்லிவிட்டோம். பொட்டலம் முதல் சில நாள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து நின்று பார்த்தாள். ஒருநாள் வரிசையின் கடைசியில் வந்து, மற்றவர்களைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். விசில் ஒலித்தது. எல்லோரும் ஓடினார்கள், அவளும் தன்னால் முடிந்தபடி தத்தித் தத்தி ஓடினாள். விசில்காரர் அவளுக்குப் பின்னால் வந்து, அவளைச் சுற்றி வளைந்து, அவளைத் தாண்டி, வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு போனார். தாம் துரத்தாவிட்டால் அவள் நின்றுவிடுவாள் என்பது அவர் கணக்கு. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

மூன்றாவது மாடியில் ஒரு குழந்தைகள் டாக்டர் இருந்தார். நடுவயதுப் பெண்மணி, எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒரு தடவை பேசுபவர். தம் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோயே இல்லை, உட்கார்ந்தே இருப்பதுதான் நோய் என்பது அவர் எண்ணம். "மருந்து எழுதிக் குடுத்தா வாங்கிடறாங்க சார். பிள்ளையோட போய் ஓடுங்கன்னு சொன்னா, அது எந்தக் கடையில கிடைக்கும்னு பாக்குறாங்க" என்று செயலாளரிடம் சொன்னார். இருவருமாகச் சேர்ந்து 'குடும்பத்தோடு ஒரு மணி நேரம்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு இளம் பயிற்சியாளர் வந்தார். முற்றத்தில் பாய்கள் விரிந்தன. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே வர வேண்டும் என்பது விதி.

முதல் நாள் பாய் போதவில்லை. அடுத்த வாரம் பாய் மிச்சப்பட்டது. கண்ணை மூடி மல்லாந்து படுக்கும் பயிற்சியில் ஒரு தகப்பனார் குறட்டை விட்டுத் தூங்கிப்போய், அவரைப் பாயோடு விட்டுவிட்டு எல்லோரும் மாடியேறினார்கள். பிள்ளைகள் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார்கள். இறக்கச் சொன்னால் இறக்கினார்கள். முகத்தில் மட்டும் பல் மருத்துவரிடம் வந்த களை. டாக்டர் கவனித்தது வேறு. பாய்க்கு வரும்போதே பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. அதுக்குள்ள என்ன வேர்வை?"

"விசில் துரத்துச்சு ஆன்ட்டி" என்றாள் வெட்டுக்கிளி, மழை பெய்தது என்று சொல்வதுபோல.

டாக்டர் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விசில்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னொரு தடவை பார்த்தார்.

மறுநாள் காலையில் கம்பெனி சூப்பர்வைசரின் போன் வந்தது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? புகார் வந்திருக்கு. சின்னப் பிள்ளையைத் துரத்திப் பயமுறுத்திட்டியாம். ராத்திரி பூரா அழுதுச்சாம். மூச்சு இரைக்கிற பிள்ளையாம்."

விசில்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எந்தப் பிள்ளைங்க?"

"ரெண்டாவது மாடி. ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். நானும் வர்றேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. பந்து வெச்சிருந்தாங்க, பிடுங்கப் போனேன்னு சொல்லு. பந்துன்னா அது அவங்க போட்ட கட்டளை. அவங்களால ஒண்ணும் பேச முடியாது. பந்து இல்லாம சும்மா துரத்தினேன்னு வாயைத் திறந்தே, ஊருக்கு வெளியில கிடங்குக்கு மாத்திடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

அந்தக் கிடங்கு விசில்காரருக்குத் தெரியும். ஆள் வராத ஒரு வாரத்துக்கு அங்கே போய் இருந்திருக்கிறார். நீளமான தகரக் கொட்டகை. வரிசையாக இரும்புக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. முகம் பார்க்க அந்தப் பூட்டுகளை விட்டால் வேறு ஒன்றுமில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் விசிலை எடுத்து ஊதியது ஒரே தடவை. அதுவும் சத்தம் எப்படி இருக்கும் என்று மறந்துபோனதால்.

அன்று மாலை பிள்ளைகள் வழக்கம்போல் வந்து நின்றார்கள். பொட்டலம் வரவில்லை. விசில்காரர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டுக் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என் கையில பந்து இருக்கு" என்றாள் வெட்டுக்கிளி.

"காட்டு."

"காட்ட மாட்டேன்."

"அப்ப நீயே வெச்சுக்கோ."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது என்ன ரூல் என்று அவர்களுக்குப் புரியவில்லை. சிறிது நேரம் நின்றார்கள். பிறகு கைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன, அவற்றில் ஒன்றுமில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவன் போனை எடுத்தான். மற்றவர்கள் அவன் தோளில் கவிழ்ந்தார்கள். அந்த வாரம் முழுதும் பாய்க்கு வந்த ஒரு சில பிள்ளைகளுக்கும் வேர்க்கவில்லை. டாக்டர் அதையும் கவனித்தார்.

சனிக்கிழமை மனைவி அவருடைய சீருடையைத் தனியாக எடுத்து வைத்துத் தேய்த்தாள்.

"பந்து இருந்துச்சுன்னே சொல்லிடுங்களேன். முன்ன இருந்துச்சுதானே, பொய் இல்லையே."

"முன்ன இருந்துச்சு. இந்தப் பிள்ளை வந்தப்புறம் இல்ல."

"இந்தப் பிள்ளையைத் துரத்தினீங்களா?"

"இல்லைடி. அவங்க அம்மா ஓட விடாதீங்கன்னு சொன்னாங்க. நான் அந்தப் பக்கமே போகலை."

"அப்ப அதையும் சொல்லுங்க."

"சொன்னா, பிள்ளை பொய் சொல்லுதுன்னு ஆயிடுமே. அதுவே ஒரு சின்னப் பொட்டலம்."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு தராசைக் கட்டிக்கிட்டிருக்கலாம். ரெண்டு தட்டையும் பாத்துக்கிட்டே நின்னுக்கிட்டிருக்கும், வாயைத் திறக்காது." சொல்லிவிட்டுக் காலரை இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள். அந்தக் கிடங்குக்குப் போனால் அவர் மாலையில் வீடு திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவளுக்கும் தெரியும்.

கீழ்த்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். செயலாளர் நடுவில். சூப்பர்வைசர் சுவரோரம், 'பந்து' என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டு. டாக்டர் கடைசி வரிசையில். பொட்டலம் அம்மாவின் மடியில், ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே மற்றப் பிள்ளைகளின் மூக்குகள். விசில்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொப்பிக்குள் இருந்த செய்தித்தாள் வேர்வையில் ஊறியிருந்தது.

"நேராவே கேக்கறேன்" என்றார் செயலாளர். "பிள்ளைங்களைத் துரத்தினீங்களா?"

"துரத்தினேங்க."

"பந்து வெச்சிருந்தாங்களா?"

சூப்பர்வைசர் இருமினார். விசில்காரர் அவரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"இல்லைங்க. ரொம்ப நாளா பந்தே வரலைங்க."

"பந்து இல்லையா? அப்புறம் எதுக்குத் துரத்தினீங்க?"

"அதுங்க ஓடுச்சுங்க சார்."

"நீங்க துரத்தினதாலதானே ஓடுச்சுங்க?"

"அப்படியும் சொல்லலாங்க" என்றார் விசில்காரர்.

ஜன்னலில் ஒரு மூக்கு சிரித்தது. சூப்பர்வைசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பொட்டலத்தின் அம்மா எழுந்தார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"ஓட விடாதீங்கன்னு நான் இவர்கிட்ட முதல் நாளே கெஞ்சிக் கேட்டிருக்கேன். அன்னிக்கு இவ அழுதுக்கிட்டே வந்தா. என்னம்மான்னு கேட்டா, 'வாட்ச்மேன் மாமா என்னை, என்னை துரத்…' அதுக்கு மேல பேச முடியலை, இரைப்பு வந்துடுச்சு. மருந்து இழுக்க வெச்சுத் தூங்க வைக்கறதுக்குள்ள என் உயிர் போயிடுச்சு. அதுக்கப்புறம் நான் அவளை அதைப் பத்திக் கேக்கவே இல்லை. எதுக்குத் திரும்பவும் ஞாபகப்படுத்தணும்?"

"இந்தப் பிள்ளையைத் துரத்தினீங்களா?" என்றார் செயலாளர்.

விசில்காரர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். தராசுக்குத்தான் வாய் இல்லையே.

டாக்டர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். மடியில் இருந்தவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "கண்ணு, அன்னிக்கு அம்மாகிட்ட ஒரு வாக்கியம் ஆரம்பிச்சல்ல. அது பாதியில நிக்குது. முடிச்சுடறியா? வாட்ச்மேன் மாமா உன்னை…?"

பொட்டலம் முகத்தை வெளியே எடுத்தாள். கழுத்துத் துணியைக் கீழே இழுத்துவிட்டாள்.

"துரத்தவே மாட்டேங்குறாரு" என்றாள்.

சூப்பர்வைசர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"எல்லாரையும் துரத்துறாரு. என்னை மட்டும் சுத்திக்கிட்டுப் போயிடறாரு. நான் எவ்ளோ மெதுவா ஓடினாலும் பிடிக்க மாட்டேங்குறாரு. அக்கா சொல்லிட்டா, நான் ஒப்புக்குச் சப்பாணியாம்." உதடு கோணியது. "நானும்தான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன்."

ஜன்னலில் வெட்டுக்கிளியின் மூக்கு மெல்லக் கீழே இறங்கி மறைந்தது.

விசில்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார், பிறகு எடுத்தார், பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒப்புக்குச் சப்பாணி. அந்தச் சொல்லை அவர் யார் வாயிலும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அதை ஒரு பிள்ளைக்குத் தாமே கொடுத்திருக்கிறோம் என்பதை அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. "தப்புதாங்க" என்றார், செயலாளரிடம் அல்ல, மடியில் இருந்தவளிடம். "மாமா தெரியாம பண்ணிட்டேன்."

அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஓடினியா?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும்" என்றாள் பொட்டலம்.

"தினமும் ஓடியிருக்கா" என்றார் டாக்டர். "இரைப்பு வந்தது அழுதப்போ. நாளைக்குக் காலையில என்கிட்ட கூட்டிட்டு வாங்க. பாத்துட்டு, ஓடுறதுக்கு முன்னால மருந்து வேணுமா, எப்போ நிக்கணும்னு அவளுக்கே சொல்லிக் குடுத்துடலாம். கட்டி வெக்கறதை விட அது நல்லதும்மா." பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். "சார், நான் பாயை விரிச்சு வெச்சுக்கிட்டுப் பிள்ளைங்க எப்ப வேர்க்கும்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுங்க முன்னாடியே வேர்த்துட்டு வந்துச்சுங்க. இந்த வாரம் இவர் உக்காந்தாரு. பிள்ளைங்களும் உக்காந்துடுச்சு."

செயலாளர் யோசித்தார். நியாயமான மனிதர்தான், கார் கண்ணாடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் காயம்பட்டவர். "எல்லாம் சரி டாக்டர். இவர் இங்கேயே இருக்கட்டும், யாரும் மாத்த வேண்டாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இவர் தொட்டிக்குப் பின்னால ஓடிக்கிட்டிருக்கும்போது கேட்டை யாரு பாக்குறது?"

டாக்டரே கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விசில்காரருக்கும் இது இவ்வளவு நாளும் தோன்றவில்லை என்பதில் வெட்கமாக இருந்தது.

"அப்ப அவர் கேட்டுல இருக்கட்டும்" என்றார் டாக்டர். "துரத்துறதுக்கு அப்பா அம்மா எதுக்கு இருக்கோம்? குடும்பத்தோட ஒரு மணி நேரம்னு நாமதானே எழுதி ஒட்டினோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு."

அப்படித்தான் ஆனது. பயிற்சியாளர் பாயைச் சுருட்டிவிட்டு, "இதைத்தான் சார் நானும் முதல் நாளே கேக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லி முதல் ஆளாகப் பிள்ளைகளோடு ஓடினார். குறட்டை விட்ட தகப்பனார் தம் முறையன்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஜெனரேட்டர் அறையைச் சுற்றுவதற்குள் அதன்மேலேயே சாய்ந்துகொண்டார். ஆனால் அடுத்த முறைக்கும் வந்தார். வேடிக்கை பார்க்க வந்த அம்மாக்கள் தம் பிள்ளை பிடிபடுவது பொறுக்காமல் தாமும் ஓடத் தொடங்கினார்கள்.

விசில்காரர் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடுபவர்களைப் பார்க்கும்போது அவர் கால்கள் நாற்காலிக்குக் கீழே தாமாகவே அசைந்தன. பிள்ளைகளுக்கு அவரை அப்படி விட்டுவைக்கப் பிடிக்கவில்லை. வெட்டுக்கிளி தலைமையில் படிக்கட்டில் ஒரு கூட்டம் போட்டு, பச்சைத் தூணை நீக்கிவிட்டு, அந்தப் பதவியை விசில்காரருக்குக் கொடுத்தார்கள். இனிமேல் அவர்தான் தாச்சி. துரத்தப்படுகிறவர் அவரை வந்து தொட்டால் பிடிக்கக் கூடாது. முன்பு அவரைக் கண்டு ஓடிய பிள்ளைகள் இப்போது அவரை நோக்கி ஓடி வந்து மோதினார்கள். சீருடையின் பொத்தான் இரண்டு போயிற்று. மனைவி பொத்தானைத் தைத்துக்கொண்டே, "தூணா ஆயிட்டீங்களா? நல்லது. நான் அப்பவே தராசுன்னு சொன்னேன், கிட்டத்தட்டதான்" என்றாள்.

பொட்டலம் டாக்டர் சொன்னபடி, இழுக்க வேண்டியதை இழுத்துவிட்டு, கழுத்துத் துணியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவள் அம்மாவின் முறையன்று அம்மாவே அவளைத் துரத்தினார்; பயந்து பயந்து துரத்தினார். பொட்டலம் சுலபமாக வந்து தாச்சியைத் தொட்டாள். ஆனால் தொட்ட பிறகும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் எதிரே நின்றாள்.

"என்ன?"

"நீங்க இன்னும் என்னைத் துரத்தவே இல்லை."

விசில்காரர் கேட்டைப் பார்த்தார். கேட்டை விட்டு நகரக் கூடாது. பொட்டலத்தைப் பார்த்தார். அவள் நகருவதாக இல்லை. அப்போது செயலாளர் காரைத் துடைக்கத் துணியோடு வந்துகொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார். விசிலை அவர் கையில் கொடுத்தார். "கேட்டை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

"நானா?" என்றார் செயலாளர். தொப்பி அவருக்கு மூக்கு வரை இறங்கியது.

"ஊதுங்க சார்" என்றாள் பொட்டலம்.

செயலாளர் ஊதினார். பொட்டலம் ஓடினாள். விசில்காரர் துரத்தினார். அவள் மெதுவாக ஓடுகிறாளே என்று அவர் தம் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். சைக்கிள் கொட்டகையைத் தாண்டினார்கள். கார்களுக்கு நடுவில் புகுந்தார்கள். அவள் அம்மா கையில் மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். இடைவெளி குறைந்தது. வெட்டுக்கிளி தொண்டை கிழியக் கத்தினாள்: "பொட்டலம், தாச்சிக்கு ஓடு! தாச்சிக்கு!"

கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தாச்சி கேட்டில் இல்லை. தாச்சிதான் பின்னால் துரத்திக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் எல்லோரும் அங்கங்கே நின்றுவிட்டார்கள். துரத்துவதே தாச்சியானால் எங்கே போய்த் தொடுவது?

பொட்டலம் நின்றாள். திரும்பினாள். மூச்சு வாங்க, விசில்காரரை நோக்கி நேராக ஓடி வந்து, அவருடைய தொந்தியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, "தாச்சி" என்றாள்.

நீட்டிய கை நீட்டியபடியே விசில்காரர் நின்றார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. முற்றத்தில் பெரிய தகராறு எழுந்தது. செல்லும் என்றார்கள் சிலர்; அதெப்படி, துரத்துறவரையே தொட்டா செல்லாது என்றார்கள் சிலர். செயலாளர் கேட்டிலிருந்து விசிலை ஊதி, என்ன தீர்ப்பு என்று கேட்டார். கடைசியில் எல்லோரும் வெட்டுக்கிளியைப் பார்த்தார்கள். அவள் விசில்காரரைப் பார்த்தாள், அவர் தொந்தியில் பதிந்திருந்த இரண்டு கைகளைப் பார்த்தாள், முகவாயில் விரலை வைத்துக்கொண்டு நன்றாக யோசித்தாள்.

"செல்லும்" என்றாள்.